காது குத்தின ஒன்பது பேர்

என் ஸ்டுடியோ ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவர்களிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை "சிரிங்க" இல்லை. "ரெண்டு காதும் தெரியணும்" என்பதுதான். துறைமுக கேட் பாஸ், பாஸ்போர்ட், பரீட்சை ஹால் டிக்கெட், எதுவானாலும் காது வேண்டும். காது மறைந்தால் படம் திரும்பி வந்துவிடும், ஆளும் கூடவே சண்டைக்கு வருவார்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் பத்துக்குப் பத்து ஸ்டுடியோ. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, ஸ்டுடியோ முழுக்க என் ராஜ்ஜியம். பெண் பார்க்கும் போட்டோவுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருவார்கள். கைராசி என்பார்கள். கைராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எந்த முகத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் எடுத்த படத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீடு ஒன்றுகூட இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஊரில் ஃபிளெக்ஸ் பேனர் வந்த புதுசு. டிஜிட்டல் கேமரா அங்கங்கே தலைகாட்டியிருந்தது, நான் இன்னும் பிலிம் ரோலில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் யார்டு கேன்டீனில் சமைக்கிற அக்கா ஒருத்தி வந்தாள்.

"ஒம்போது பேருக்குப் பாஸ்போர்ட் சைஸ் வேணும் தங்கச்சி. அவங்களால இங்க வர முடியாது. நீதான் வரணும்."

யார்டில் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாரையும் தலை சீவிக்கினு ரெடியா இருக்கச் சொல்லு. ரெண்டு காதும் தெரியணும்" என்றேன்.

அக்கா ஒரு மாதிரி சிரித்தாள். "காதுதான் கொஞ்சம் பேஜாரு" என்றாள்.

யார்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு ஆணி பாக்டரியின் ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்ததும் ஒன்பது நாய்கள் எழுந்து நின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். லாரியில் அடிபட்டது, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று சேர்த்து, கேன்டீன் மிச்சத்தைப் போட்டு அந்த ஷெட்டில் நாலைந்து வருஷமாக வளர்க்கிறாள். இப்போது இடத்தை விற்றுவிட்டார்கள். தீபாவளிக்குள் ஷெட்டைக் காலி பண்ண வேண்டும். அக்கா குடியிருப்பதோ ஒற்றை அறை வாடகை வீடு, வீட்டுக்காரம்மாவுக்குப் பூனைகூட ஆகாது.

"இடத்தைப் பாத்துக்குற மேஸ்திரி இன்னா சொல்றாரு தெரியுமா? லாரி தரேன், கொடுங்கையூர் குப்பைமேட்டுல கொண்டுபோய் வுட்டுடு, துன்றதுக்கு அங்க எல்லாம் கீதுன்றாரு. இதுல மூணை அந்த மேட்டுல எரியிற குப்பைலேர்ந்துதான் தூக்கியாந்தேன். திரும்ப அங்கயே வுடச் சொல்றியா?"

அந்த மூன்றில் ஒன்று கறுப்பு நாய். முன்னங்காலில் ஒன்று வெந்து ஆறிய தழும்போடு வழவழவென்று இருந்தது. அது அக்காவின் சேலையை முகர்ந்துவிட்டு என் செருப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தது. டீக்கடை, பட்டறை என்று படம் ஒட்டி, ஒன்பதுக்கும் வீடு பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் யோசனை. முடியாவிட்டால் குப்பைமேடு. சரி, நம்மால் ஆகாததா என்று கேமராவை எடுத்தேன்.

முதல் தடவை நான் செய்தது சுத்த முட்டாள்தனம். சாயங்காலம், ஷெட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று ஃபிளாஷ் போட்டேன். பயந்துகொண்டு கம்பி வலைக்கு வெளியே நின்றபடியே எடுத்தேன். கழுவி வந்த படங்களில் ஒன்பதுக்கும் கண் பச்சையாக எரிந்தது. மேலிருந்து எடுத்ததில் தலை பெரிசு, கால் சின்னது, முகத்தில் வலையின் நிழல். அக்கா பாவம், அதையும் கொண்டுபோய் ஒட்டினாள். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "கடிச்சிட்டு ஓடிப்போன நாயைத் தேடுறாங்களா?" என்று கேட்டாராம்.

எனக்கு மானமே போய்விட்டது. கல்யாணமாகாமல் முப்பத்திரண்டு வயசு வரை காத்திருந்த பெண்களுக்கெல்லாம் முகம் கொடுத்த கை இது. நாய்க்குக் கொடுக்க முடியாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண் பார்க்கும் போட்டோவுக்கு என்னென்ன செய்வேனோ அத்தனையும் செய்தேன். ஒன்பதையும் குளிப்பாட்டும்படி அக்காவிடம் சொன்னேன். ஸ்டுடியோ நீலத் திரையைக் கழற்றி எடுத்துப்போய் ஷெட்டில் கட்டினேன். கடல் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்ததும் காலை வெயில் பக்கவாட்டில் மெத்தென்று வந்து விழுந்தது. ஃபிளாஷைத் தொடவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமென்ட் தரையில் குப்புறப் படுத்தேன். நாயின் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் வந்தால்தான் அது நாய் மாதிரி தெரியும், இல்லாவிட்டால் புகார் மாதிரி தெரியும். டீக்கடைப் பொறையை லென்ஸ் பக்கத்தில் வைத்து நொறுக்கினால், சத்தத்துக்கு ஒவ்வொன்றும் காதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்த்தது. அந்த நொடியில் அமுக்கினேன். ஒன்பதும் அச்சு அசலாக வந்தது.

பேஜாரு காதில்தான். ஒன்பதுக்கும் இடது காது நுனி வெட்டியிருந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் தெருநாயைப் பிடித்துக் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு விடும்போது, மயக்கத்திலேயே அடையாளத்துக்கு இப்படி வெட்டிவிடுவார்கள். வெட்டுக்காது இருந்தால் பயமில்லாத நாய் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து ஜனங்களோ அதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வெறி பிடித்துப் பிடிபட்ட நாய்க்குத்தான் காதை வெட்டிவிடுகிறான் என்று எல்லோருக்கும் எண்ணம். வெட்டுக்காதைப் பார்த்தால் கல்லை எடுப்பார்கள். எனக்கே அக்கா சொல்கிற வரை தெரியாது.

படத்தில் வெட்டின இடத்தில் நீலத் திரை முக்கோணமாகத் தெரிந்தது. நான் டச்சப் பிரஷ்ஷை எடுத்தேன். மணப்பெண்ணின் மருவையும் அம்மைத் தழும்பையும் மறைக்கிற பிரஷ், நாலைந்து மயிர்தான் இருக்கும். கறுப்புக்குக் கறுப்பு மை, செவலைக்குச் செவலை. ஒரே நாளில் ஒன்பது பேருக்கும் புதுக் காது வைத்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "படத்துல காது வந்துடுச்சு. நாய்க்கு வரலயே தங்கச்சி" என்றாள்.

"பொண்ணுக்கு மரு இருந்தா போட்டோல காட்டுவாங்களாக்கா? வூட்டுக்குப் போய்ப் பழகினா அப்பால எல்லாம் சரியாயிடும். என் தொழிலை என்கிட்ட வுடு" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஷோகேஸிலிருந்த மணப்பெண்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்பது நாய்களை வைத்தேன். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயசிருக்கும், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். பட்டறைக் காவலுக்கு நாய் வேண்டும் என்றவர், கறுப்பைக் காட்டி, "படா ஷோக்கா கீதே இது" என்றார். அன்று சனிக்கிழமை அந்தி நேரத்தில் ஷெட்டுக்கு வந்து கூட்டிப்போனார். கறுப்பு நாய், மங்கல் வெளிச்சம், அவர் காதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கோயிலில் ஒரு காதுகுத்து. அதற்கு ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டுடியோ வாசலில் சத்தம். பட்டறைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார், கறுப்பு அவர் கால் பக்கத்தில்.

"இன்னாமா, எனக்கே காது குத்துறியா?"

சந்தே திரும்பிப் பார்த்தது.

"காது வெட்டுன வெறிநாயை என் தலைல கட்டிட்டியே! காலைல பட்டறை ஆளுங்க ஒருத்தன் உள்ள வரமாட்டேன்றான்."

"வெறியெல்லாம் இல்லண்ணே, ஊசி போட்ட நாய்ண்ணே. அதுக்கு அடையாளந்தான் அந்த வெட்டு."

"ஊசி போட்டது நல்ல விசயம்தானே? அப்போ அத்த ஏன் மறைச்ச?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று பேரெடுத்தவள், குனிந்து கேமராவில் ரோலைச் செருகிக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றைக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். கறுப்பு அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கூப்பிட்டனுப்பியதும் அக்கா வந்து கயிற்றை அவிழ்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

காதுகுத்துக்குப் போனேன். மனசு அங்கே இல்லை, கை மட்டும் வேலை செய்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை தாய்மாமன் மடியில். நகைப் பத்தர் ஊசியை வைத்ததும் குழந்தை வீறிட்டது. அடுத்த நிமிஷம் எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்: "காதை எடும்மா, காதை எடு! தோடு தெரியணும்!" மாமன் பெருமையாகக் குழந்தையின் தலையைத் திருப்பி, பொட்டு ரத்தத்தோடு இருந்த அந்தக் காதை என் லென்ஸுக்கு நேராகக் காட்டினார்.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. இந்தக் காதில் ஓட்டை போட்டதற்கு ஊரைக் கூட்டிப் பந்தி போடுகிறோம், பேனர் வைக்கிறோம். அந்தக் காதில் வெட்டு விழுந்ததற்கு நான் மை பூசி மறைக்கிறேன். இரண்டும் நல்லதுக்காகச் செய்த காயம்தானே? காது குத்துறியா என்று அந்த மனுஷன் கேட்டது என் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. ஆமாம் ஐயா, குத்தத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த காலையே நீலத் திரையோடு ஷெட்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை ஒன்பது பேரையும் இடது காது என் பக்கம் வரும்படி உட்கார வைத்து, வெட்டுக்காதுக்கு நேராக வெயில் விழும்படி எடுத்தேன். பிரஷ்ஷை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பேனர் கடைக்காரர் எனக்குத் தோஸ்து, என் படங்கள்தான் அவர் பேனரில் பாதி. காதணி விழாவுக்கு அவர் வைத்திருந்த அதே டிசைனை எடுக்கச் சொன்னேன். ரோஜாப்பூ, மயில், இதய வடிவக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தைக்குப் பதில் ஒரு நாய். வாசகம் நான் எழுதினது:

"எங்களுக்குக் காது குத்தியாச்சு! ஆபரேஷனும் ஆச்சு, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாச்சு. அதுக்கு அடையாளந்தான் இந்த வெட்டுக்காது. மடி கொடுக்கத் தாய்மாமன் மட்டும்தான் வேணும். அனைவரும் வருக! வருக!"

பேனர் கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்பதில்தான் என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். பின்னால் பஸ், ஸ்கூட்டர், எல்லாம் மாட்டிக்கொள்ளும். படிக்க வேறு ஒன்றும் இல்லாமல் அத்தனை ஜனமும் சும்மா உட்கார்ந்திருக்கிற ரோடு வேறு எங்கே கிடைக்கும்? அந்த வரிசைக்கு நேராகக் கட்டினோம்.

இரண்டு நாளில் விஷயம் பரவிவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாத ஆந்திரா டிரைவர்கள்கூட இறங்கி, இது எந்தக் கட்சி என்று கேட்டார்களாம். எல்லோரும் சிரித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் தன் வீட்டுக் காதணி விழா பேனர் கட்டியிருந்த ஒருவர், "எங்க வூட்டு விசேஷத்தை நாய்க்கு வச்சுக் கிண்டல் பண்றியா?" என்று ஸ்டுடியோவுக்கே வந்து கத்தினார். "உங்க புள்ளைக்குக் காதுகுத்து ஒண்ணுதான், இதுங்களுக்கு ஆபரேஷன், ஊசி, காதுவெட்டுன்னு மூணு. யாரு பெருசுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். இன்றுவரை அவர் என்னிடம் படம் எடுக்க வரவில்லை.

ஆனால் மாமன்கள் வந்தார்கள். மாமிகளும் வந்தார்கள். அக்கா ஒரு கட்டளை போட்டாள்: அந்த வெட்டுக்காதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை வாங்க வேண்டும். அப்புறம் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. ராயபுரத்திலிருந்து கருவாடு விற்கிற அம்மா ஒருத்தி வந்து செவலையின் காதைத் தடவி, "எனக்கும் கம்மல் இழுத்துக் காது கிழிஞ்சிதான் கீது" என்று தன் காதைக் காட்டினாள். மீஞ்சூர் ரைஸ்மில்காரர் இரண்டைக் கூட்டிப்போனார். வரிசையில் நின்ற லாரியிலேயே ஒன்று ஏறிப் போனது. பேனர் கடைக்காரர் தனக்கே ஒன்றை எடுத்துக்கொண்டார். இப்படி எட்டு போய்ச் சேர்ந்தன.

அதைவிடப் பெரிய விஷயம் டீக்கடையில் நடந்தது. கடை வாசலில் படுத்திருந்த ஒரு தெருநாயைப் பார்த்து யாரோ கல்லை எடுக்க, அதே டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "டேய், அத்த வுடுடா, அது காது குத்துனது!" நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்காது என்று அருவருத்த ஊர் வாயில் என் வார்த்தை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அந்த நாய்களுக்கு அதுதான் பேர். யார் வைத்த பேர் என்று இப்போது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது போதும்.

ஆனால் கறுப்பு மட்டும் நின்றுவிட்டது. ஒரு இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது என்ற பேர் அதற்கு. தட்டிப்போன சம்பந்தத்துக்கு என்ன பேர் கிடைக்கும் என்று பெண் போட்டோ எடுக்கிற எனக்குத் தெரியாதா? அந்தப் பேரை அதற்கு வாங்கிக்கொடுத்தது நான். வந்தவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் முதலில் காட்டினேன், கெஞ்சவும் செய்தேன். தழும்புக் காலைப் பார்ப்பார்கள், திரும்பி வந்த கதையைக் கேட்பார்கள், அடுத்த நாய்க்குப் போய்விடுவார்கள்.

கடைசி நாள் வந்தது. காலையிலேயே மேஸ்திரி கேட்டுக்குப் போடப் புதுப் பூட்டோடு நின்றார். ஷெட்டை இடிக்கிற வண்டி கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டிருந்தது. அக்கா கோணிகளை மடித்து வைத்துவிட்டு, கறுப்பின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவோடு போயிருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. மேஸ்திரி கல்நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். "இன்னும் கா மணி நேரம்மா. அப்பால என் கைல ஒண்ணுமில்ல" என்றார்.

அப்போது ஒரு மொபெட் சத்தம். பட்டறைக்காரர். கிரீஸ் இல்லாத ஆளாக அவரை அன்றுதான் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சீர் கொண்டுபோகிற மாமன் மாதிரியே கையில் ஒரு தட்டு, அதில் நாலு பாக்கெட் பொறை.

அவரே பேசினார், என்னைப் பார்க்காமல்.

"தெனம் அந்த லாரி லைன்ல மாட்டிக்கினு உன் பேனரையே பாத்துக்கினு கெடக்கேன். பட்டறை ஆளுங்களும் படிச்சிட்டு வந்து, மொதலாளி, ஊசி போட்ட நாயைப் போய்த் தொரத்திட்டியேன்றானுங்க. தொரத்த வச்சதே அவனுங்கதான்." கறுப்பு எழுந்து வாலை ஆட்டியது. "ஒரு ராத்திரிதான் இருந்துச்சு. என் செருப்பு மேல தலைய வச்சிக்கினு தூங்குச்சு. அன்னிலேர்ந்து செருப்பைக் கழட்டும்போதெல்லாம் நெஞ்சு ஒரு மாதிரி ஆவுது."

அக்கா கயிற்றை நீட்டவில்லை. "காதைத் தொட்டுப் பாக்கணும்" என்றாள்.

"பேனர்ல மடின்னுதானே போட்டுக்கீது?" என்று கேட்டுவிட்டு, அந்த மனுஷன் வெள்ளை வேட்டியோடு அப்படியே புழுதியில் சம்மணம் போட்டுக் குந்தினார். கறுப்பு ஒரு கணம் அக்காவைப் பார்த்தது. பிறகு நேராகப் போய், தழும்புக் காலையும் நல்ல காலையும் அவர் மடியில் வைத்து ஏறி உட்கார்ந்தது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். நான் தரையில் குப்புறப் படுத்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வாய் மட்டும் சொன்னது: "ரெண்டு காதும் தெரியணும்."

பட்டறைக்காரர் கறுப்பின் தலையைத் தாங்கி, வெட்டுக்காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "தோ, இத்த நல்லா எடு. இந்தத் தபா மை வச்சிடாத."

அந்தப் படம் இன்றும் என் ஷோகேஸில் நடுவில் இருக்கிறது, மணப்பெண்களுக்கெல்லாம் நடுவில். அதில் நான் ஒரு பொட்டு மை வைக்கவில்லை.